ஏழு கை குதிரையா, ஏழு சாண் குதிரையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயினின் பழைய போர்க்குதிரைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஓரிடத்தில் மட்டும் கண் நின்றுவிட்டது. படைக்குத் தேர்ந்தெடுத்த குதிரைகள் ‘ஏழு கை உயரம்’ இருந்ததாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். குதிரைக்காரர்கள் இன்றும் சொல்லும் ‘ஹேண்ட்’ கணக்கில் ஏழு கை என்றால் 71 சென்டிமீட்டர்தான். எங்கள் தெருவில் ஒருவர் வளர்க்கும் ராஜபாளையம் நாய் ஏறக்குறைய அந்த உயரம் இருக்கும். அதன்மேல் சேணம் கட்டி எந்தச் சிப்பாய் போருக்குப் போவது?

மூலத்தில் ‘குவார்த்தா’ அல்லது ‘பால்மோ’ என்று இருந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான். ‘வாரா’ என்ற ஸ்பானிய அளவில் நான்கில் ஒரு பங்கு. கையை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை வரும் நீளம், அதாவது நம்முடைய சாண். நாம் 12 விரல் ஒரு சாண் என்று படித்தது போலவே அவர்களுக்கும் 12 விரல் ஒரு பால்மோ. குதிரையின் உயரத்தையும் ‘ஏழு சாண் மூன்று விரல்’ என்றுதான் சொல்வார்கள். பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரை வரைக்குமான உயரம் அது. தலை கணக்கில் வராது.

ஹேண்ட் என்பதோ விரல்களை ஒட்டிவைத்த கையின் அகலம். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1540-இல் அதை 4 அங்குலம் (10.16 செ.மீ.) என்று சட்டமாகவே போட்டுவிட்டார். விரித்த கையும் மூடிய கையும் ஒன்றாகுமா? காஸ்டில் பகுதியின் வாரா 83.59 செ.மீ.; அதன் ஒரு சாண் 20.9 செ.மீ., அதாவது இரண்டு ஹேண்டுக்குச் சற்று மேல். ஏழு சாண் 146.3 செ.மீ. வரும். இது நம்பக்கூடிய குதிரை.

இதை எழுதுகிற நானும் முதலில் தடுக்கித்தான் விழுந்தேன். 146.3-ஐ 10.16-ஆல் வகுத்தேன், 14.4 என்று வந்தது. பந்தயக் குதிரைகளோடு பழகிய நண்பர் ஒருவரிடம் பெருமையாக அதைச் சொன்னேன். “பதினாலு ஹேண்ட் நாலு அங்குலமா? அதைப் பதினஞ்சுன்னே சொல்லிடலாமே!” என்று சிரித்தார். குதிரைக் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் வருவது பத்தில் ஒரு பங்கு அல்ல, அங்குலம். 14.2 என்றால் 14 ஹேண்ட் 2 அங்குலம், அதாவது பதினாலரை. 14.3-க்கு அடுத்தது 15. ஆகவே நம் ஏழு சாண் குதிரையின் சரியான உயரம் 14 ஹேண்ட் ஒன்றரை அங்குலமும் கொஞ்சமும். கணிப்பொறியில் தட்டி வருவதை அப்படியே எழுதினால் குதிரை இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிடும்.

சரி, இத்தோடு முடிந்ததா என்றால், யாருடைய வாரா என்ற கேள்வி இருக்கிறது. கோர்டோபாவில் அரசக் குதிரை லாயங்களைக் கட்டவைத்த இரண்டாம் பிலிப் மன்னர்தான் 1568-இல் காஸ்டிலின் பூர்கோஸ் நகரத்து வாராவையே நாடு முழுக்கப் பின்பற்றச் சொன்னார். ஊர்கள் கேட்டால்தானே! தெருவேல் பகுதியின் வாரா 76.8 செ.மீ., வலென்சியாவில் 90.6 செ.மீ. ஒரே ‘ஏழு சாண்’ தெருவேல் கோலில் 13 ஹேண்ட் சொச்சம், வலென்சியா கோலில் 15 ஹேண்ட் 2 அங்குலத்துக்கும் மேல். ஸ்பெயினில் மெட்ரிக் சட்டம் 1849-இல் வந்த பிறகுதான் இந்த ஊர்க்கோல்களையெல்லாம் மீட்டரோடு ஒப்பிட்டு அதிகாரபூர்வமாகப் பட்டியல் போட்டார்கள். கடல் தாண்டிப் போன வாராவும் மாறியது. டெக்சாஸில் 1919-இல் அதை 33⅓ அங்குலம் என்று சட்டத்தில் நிறுத்தினார்கள். நிலம் அளக்கத்தான், குதிரைக்கு அல்ல. இருந்தாலும் ஒரு விளையாட்டுக்கு அந்தக் கோலை வைத்துப் பார்த்தேன். ஏழு சாண் 14.2-ஐச் சற்றே தாண்டுகிறது. 14.2 வரை மட்டக்குதிரை, அதற்கு மேல் குதிரை என்பது ஆங்கில வழக்கு. காஸ்டில் கோலில் மட்டமாக நின்றது டெக்சாஸ் கோலில் குதிரையாகிவிடுகிறது!

கட்டுரையாளர் எந்த வட்டாரத்து ஆவணத்தைப் பார்த்தார் என்று அடுத்த இதழில் சொன்னால் நன்றாக இருக்கும். அதுவரை ‘ஏழு கை’யை ‘ஏழு சாண்’ என்று திருத்தி வெளியிட்டாலே போதும். ஹேண்டாக மாற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. சாண் என்றால் நம் வாசகர்கள் கையை விரித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
திருநெல்வேலி வாசகர் ஒருவர்