மரத்தோடு மண்ணையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரம் நட்டால் போதும், காற்றிலுள்ள கார்பன் இறங்கிவிடும் என்ற தொனியில் இருந்தது உங்கள் தலையங்கம். நான் இருபது வருடமாக மட்குக் குழி கிளறுகிறவன். வெயில் நாளில் சருகு சீக்கிரமே கறுத்து உதிர்ந்துவிடும்; குளிரில் இலை நரம்புகூட அப்படியே கிடக்கும். சருகைத் தின்னும் நுண்ணுயிர்கள் விடுகிற மூச்சும் கார்பன் டை ஆக்சைடுதானே? சூடு ஏறினால் அதுவும் வேகமெடுக்கும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1991 முதல் மண்ணுக்குள் கம்பி புதைத்து, 5 டிகிரி கூடுதலாகச் சூடேற்றிப் பார்க்கிறார்கள். முதல் பத்தாண்டு கார்பன் வெளியேறியது. அப்புறம் அடங்கியது. சரி, தீர்ந்தது என்று நினைத்தால் மறுபடி தொடங்கிவிட்டது!

உலகின் தாவரங்கள் எல்லாவற்றிலும் இருப்பதைவிட மண்ணில்தான் கார்பன் அதிகம். அடுத்த முறை மரக்கன்று படம் போடும்போது அதன் கீழுள்ள மண்ணுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

– ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்