கேள்விகளை எங்களிடமும் கேட்டு வாங்குங்கள்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கழகத்தாருக்கு,

வணக்கம். குழந்தையின்மையில் எதை ஆராய வேண்டும் என்ற கேள்விகளை, சிகிச்சையில் இருக்கும் எங்களிடமும் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லவே இந்த மடல். குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களின் காத்திருப்பு அறையில் உங்கள் ஆய்வாளர் ஒருவர் அரை நாள் உட்கார்ந்து கேட்க வேண்டும். "உங்களுக்கும் இதை எழுதினார்களா? பலன் இருக்குமா?" என்றுதான் அங்கே பெண்கள் ஒருவரை ஒருவர் விசாரிக்கிறார்கள். டாக்டரிடம் கேட்கத் தயக்கம். கேட்டாலும் "செய்து பார்க்கலாமே" என்பதே பதில்.

ஐ.வி.எஃப். என்பது கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை. அதன் பில்லில் அடிப்படைச் செலவுக்கு மேல் ஏறும் கூடுதல் சிகிச்சைகளைச் சொல்கிறேன். கருப்பையின் உட்சுவரை லேசாகக் கீறிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்றார்கள். நியூசிலாந்து ஆய்வாளர்கள் தலைமையில் ஐந்து நாடுகளில் 1,364 பெண்களிடம் அதைச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். கீறிய பெண்களில் குழந்தை பெற்றவர்கள் 26.1 சதவீதம், கீறாதவர்களிலும் அதே 26.1. ஆய்வு வருவதற்குள் எத்தனை பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வலியைப் பொறுத்திருப்பார்கள்! விந்தணு நன்றாக இருக்கும் தம்பதியருக்கும் இக்ஸி (ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை) தேவையா என்பதை ஹோ சி மின் நகரில் 1,064 தம்பதியரிடம் சோதித்தார்கள். சாதாரண ஐ.வி.எஃப்.-ஐ விடக் கூடுதல் பலன் உறுதிப்படவில்லை என்று 2021-இல் தெரிந்தது. வியட்நாமால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது? 1986-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததில் உங்கள் ஆய்வு நிறுவனத்துக்கும் பங்கு உண்டே.

வெளிநாட்டார் நமக்காக ஆராயமாட்டார்கள் என்று சில கேள்விகள் இருக்கின்றன. கருப்பைக் காசநோய் அதில் முதலாவது. நம் நாட்டில் கருக்குழாய் அடைபடுவதற்கு அது முக்கியமான காரணம். ஆனால் கிருமி எளிதில் அகப்படாது. கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை மட்டும் பாசிடிவ், வேறு எந்த அறிகுறியும் இல்லை என்ற நிலையிலும் பலருக்கு ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டியவளுக்கு அந்த ஆறு மாதம் சின்ன விஷயமா? மாத்திரை சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் என்று பிரித்து, யாருக்குக் குழந்தை பிறந்தது என்று பெரிய அளவில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆண்கள் விஷயமும் அப்படித்தான். விந்தணு எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் வந்தால், ஏன் குறைந்தது என்று தேடுவதில்லை. நேரே இக்ஸி. குறை கணவருக்கு, ஊசியும் மயக்க மருந்தும் மனைவிக்கு!

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, எப்போது நிறுத்துவது என்பது. விளம்பரப் பலகைகளில் வரும் வெற்றி விகிதத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ரத்தப் பரிசோதனை பாசிடிவ் ஆனதும் வெற்றியாகிவிடுகிறது. ஆறாவது வாரத்தில் கலைந்தவள் எந்தக் கணக்கில்? என் வயதில், இரண்டு முறை தோற்ற பிறகு, மூன்றாம் முறையில் குழந்தையோடு வீடு திரும்பும் வாய்ப்பு எவ்வளவு? இந்தியப் பெண்களின் தரவை வைத்து இதைச் சொல்ல வேண்டும். செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைகளுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி மையங்களின் சிகிச்சை முடிவுகள் தேசியப் பதிவேட்டில் சேர வேண்டும். அவற்றை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தவும் அதே சட்டம் சொல்கிறது. மாத்திரைச் செலவுக்கு நகையை அடகு வைத்தவர்கள் அந்தப் பதிவேட்டை எங்கே பார்ப்பது?

குழந்தையின்மை ஆராய்ச்சியில் எதற்கு முன்னுரிமை என்று 2020-இல் வெளிநாட்டில் ஒரு பட்டியல் வந்தது. 40 நாடுகளிலிருந்து 388 பேர் கேள்விகளை அனுப்பினார்கள்; மருத்துவர்களோடு நோயாளிகளும் உட்கார்ந்து அவற்றை வரிசைப்படுத்தினார்கள். அதே முறையை இங்கும் செய்யலாம். டெல்லியில் ஆங்கிலத்தில் மட்டும் கூட்டம் போட்டால் மதுரைக்காரி எப்படி வருவாள்? மாவட்ட மருத்துவக் கல்லூரிகளில் அந்தந்த மொழியில் நடத்துங்கள். குழந்தை பெற்றவர்களோடு, பெறாமலே சிகிச்சையை நிறுத்தியவர்களுக்கும் அழைப்பு அனுப்புங்கள். மையங்களின் பழைய ஃபைல்களில் அவர்கள் முகவரி இருக்கிறது.

இப்படிக்கு,
சிகிச்சையில் இருக்கும் ஒருத்தி,
மதுரை