அந்தப் பையனை உட்கார வைத்துவிடாதே

தலவாக்கலை

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். மழை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. நீ பழக்கும் சிறுவர் பேஸ்போல் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றுவிட்டது என்றும், பந்து வீசும் பையனை இனி வெளியே உட்கார வைக்கப் போவதாகவும் ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். அதற்குள் தொலைபேசி துண்டித்துவிட்டதால், சொல்ல நினைத்ததை எழுதுகிறேன்.

நீ கனடா போன பிறகுதான் நான் இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கினேன். பெரிய அணிகள் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றன என்பதும், அறுபது ஆட்டங்களில் தோற்ற அணியைக்கூட மிகச் சிறந்த அணி என்கிறார்கள் என்பதும் எனக்கு வியப்பாக இருந்தன. அவ்வளவு நீண்ட பருவத்தில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒருவரைத் தண்டிக்கும் முகாமையாளரிடம் ஆடி மாதத்துக்குள் ஆட்களே மிஞ்சமாட்டார்கள்.

அட்லாண்டா பிரேவ்ஸ் அணி 1990இல் 97 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி இடத்தில் கிடந்தது. இந்த விளையாட்டில் வெற்றி தோல்வியைப் பந்து வீச்சாளரின் பெயரிலும் எழுதுவார்கள் அல்லவா, மறு ஆண்டின் முதற்பாதியில் அதன் இளம் பந்து வீச்சாளர் ஜோன் ஸ்மோல்ட்ஸ் பெற்றது 2 வெற்றியும் 11 தோல்வியும். முகாமையாளர் பொபி கொக்ஸ் அவரை நீக்கவில்லை. அவருடைய முறை வந்தபோதெல்லாம் பந்தை அவரிடமே கொடுத்தார். அதே வேளையில் ஸ்மோல்ட்ஸ் ஓர் உளவியல் ஆலோசகரிடம் போய்வரத் தொடங்கினார். இரண்டாம் பாதியில் அவர் 12 ஆட்டங்களை வென்று இரண்டில் மட்டுமே தோற்றார். அட்லாண்டா தன் பிரிவில் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியை முந்தியது ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில். ஜூலையில் அவரை ஒதுக்கியிருந்தால் அந்த ஓர் ஆட்டம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பார். இதே கொக்ஸ், நடுவர்களோடு வாதாடி 150 தடவைக்கு மேல் மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். பிறவியிலேயே சாந்தமான மனிதர் அல்லர். தன் பிள்ளைகளுக்காகப் பொறுமையைச் சேர்த்து வைத்திருந்தார் என்றே நான் நினைக்கிறேன்.

2019இல் வொஷிங்டன் அணி முதல் 50 ஆட்டங்களில் 31இல் தோற்றபோது, முகாமையாளர் டேவ் மார்டினெஸை விலக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அவர் அன்றன்றைய ஆட்டத்தை மட்டும் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது அவர்களே. ஆனால் அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. பந்து வீச்சுப் பயிற்றுநரை மே மாதத் தொடக்கத்திலேயே மாற்றிவிட்டார்கள்.

நான் தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில், கவ்வாத்து வெட்டிய மலையை, அதாவது செடிகளைக் கட்டையாகக் கத்தரித்துவிட்ட மலையை, நீ பார்த்திருக்கிறாய். இலை ஒன்றுகூட இல்லாமல், வெள்ளையாக வெட்டுவாயோடு தூர்கள் நிற்கும். அந்த மாதங்களில் தண்டில் படர்ந்த பாசியைத் தேய்த்து எடுப்போம், புல் வெட்டுவோம், உரம் போடுவோம். கொழுந்தில் மட்டும் கைவைக்க மாட்டோம். ஓர் ஆண்டு நிறுவை குறைகிறது என்று மேலே இருந்த ஒருவர் அவசரப்படுத்த, தளிர் உயருமுன்பே நான் ஆட்களை இறக்கினேன். கூடைகள் அன்றைக்கு நிரம்பின. அந்த மலையோ அடுத்த கவ்வாத்து வரை தேறவேயில்லை. மறுத்துப் பேசாமல் போனேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

அந்தப் பையனின் கையில் குறையா, கால் வைக்கும் இடத்தில் குறையா, அல்லது தோற்றுவிடுவோமோ என்ற பயமா என்று பக்கத்தில் நின்று பார். திருத்த வேண்டியதைத் திருத்து. ஆனால் சனிக்கிழமையும் பந்தை அவனிடமே கொடு. ஆட்டத்துக்கு முன்பே, மற்றப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி அதை அவனிடம் சொல்லிவிடு. ஆட்டம் முடிந்ததும், யார் வென்றார்கள் என்பதை விட்டுவிட்டு, அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா