முகாமுக்கு வெயில் உண்டு, உத்தரவாதம்தான் இல்லை

ஆசிரியருக்கு,

அகதி முகாம்களில் டீசலுக்குப் பதில் சூரிய மின்சாரம் வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். ஐ.நா. அமைதிப்படையில் நம் ராணுவத்தின் சார்பில் தெற்கு சூடானின் மலக்காலில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தவன் நான். அங்கே டீசல் நைல் ஆற்றில் படகில் வரவேண்டும். படகு தாமதமானால், டேங்கில் குச்சியை விட்டு எத்தனை அங்குலம் மிச்சம் என்று காலையும் மாலையும் அளந்துகொண்டிருப்போம். வெயிலுக்கோ பஞ்சமே இல்லை. அப்புறம் ஏன் தனியார் நிறுவனங்கள் தயங்குகின்றன? பேட்டரி விலை என்கிறது தலையங்கம். எனக்கு அது பெரிய காரணமாகத் தோன்றவில்லை. பேனலில் போட்ட முதலைத் திரும்ப எடுக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். உதவி அமைப்புகளுக்கு நன்கொடை வருவதோ பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு. ஓரிரு மாத நோட்டீசில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்றால் எந்த வங்கி கடன் தரும்?

அதே மலக்காலில் சர்வதேச புலம்பெயர்வு அமைப்பின் வளாகத்துக்கு, நார்வேயின் ஸ்காடெக் நிறுவனம் 700 கிலோவாட் சூரிய மின் அமைப்பைக் குத்தகைக்குக் கொடுத்தது. கழற்றி வேறிடம் கொண்டுபோகலாம் என்பது அதன் வசதி. சரி, பாதியில் கழற்ற நேர்ந்தால் அந்தச் செலவும் இழந்த வாடகையும் யார் தலையில்? அதை ஈடுகட்ட ஒரு பொது உத்தரவாத நிதி வேண்டும். குருகிராமில் தலைமையகம் கொண்ட சர்வதேச சூரியசக்திக் கூட்டமைப்பில் இதை இந்தியாவே முன்மொழியலாம்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்