மண்டபமும் சட்டியும் தந்தவர்களுக்கு

அன்புள்ள அக்காமார், அண்ணாமார், மாமிமார், கதிரை தூக்கிய தம்பி தங்கைமார் எல்லோருக்கும்,

இந்த மடலைக் கறுப்பர் வரலாற்று மாத நிகழ்ச்சி முடிந்த அடுத்த நாளே எழுதியிருக்க வேண்டும். மண்டபத் திறப்பைத் திருப்பிக் கொடுத்த கையோடு காய்ச்சலில் படுத்துவிட்டேன். மன்னியுங்கள்.

லண்டனில் ஒக்டோபர் மாதம் கறுப்பர் வரலாற்று மாதம். 1987இல் கானாவிலிருந்து வந்த அக்யாபா அடாய்-செபோவின் முயற்சியில் தொடங்கியது. இத்தனை வருடமாக நம் தமிழ்ப் பாடசாலை அதை எட்டிப் பார்த்ததில்லை. இந்த முறையும் நாமாகப் போகவில்லை. பக்கத்துத் தெரு கரீபியன் முதியோர், தங்கள் மண்டபக் கூரை ஒழுகுகிறது, இந்த மாத நிகழ்ச்சிக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் உங்களுடையதைத் தருவீர்களா என்று கேட்டு வந்தார்கள். தந்தோம். நம் பங்கு அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதல் நன்றி, மூன்று ஸ்டீல் பான் வாத்தியங்களோடு வந்த, கரீபியன் தீவான டிரினிடாட்டைச் சேர்ந்த ஐயாவுக்கு. எண்பது வயதைத் தாண்டியவர். மாடிப்படியில் ஒரு வாத்தியத்தையாவது தானே தூக்குவேன் என்று அடம்பிடித்தார். அது எண்ணெய்ப் பீப்பாயின் அடிப்பகுதி. சுத்தியலால் தட்டித் தட்டிக் குழியாக்கி, ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடம் பிரித்து, காது கொடுத்துக் கேட்டுக் கேட்டுச் சுருதி சேர்ப்பார்கள். ஏன் பீப்பாய் என்று ஒரு பிள்ளை கேட்டது. 1880களில் ஆங்கிலேய அரசு டிரினிடாட் தெருக்களில் பறை முழக்கத் தடை போட்டது, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களின் பிள்ளைகள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள், பிறகு பிஸ்கட் தகரம், அதன் பிறகு பீப்பாய் என்று ஐயா சொன்னார். சொல்லும்போது கோபமே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் வந்தது.

மிருதங்கம் படிக்கும் நம் பையன், "இதில் 'ஸ' எங்கே இருக்கு?" என்று கேட்டான். ஐயாவுக்குக் கேள்வி புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் சிரித்துக்கொண்டே, "நீ எதை வைத்துக்கொள்கிறாயோ அதுதான்" என்று குச்சியை அவன் கையில் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அவர் கலிப்சோ என்ற டிரினிடாட் பாட்டு மெட்டு ஒன்றை வாசிக்க, இவன் ஆதி தாளத்தில் கூடப் போனான். இரண்டு இடத்தில் பையன் தடுமாறினான். ஐயா நின்று காத்திருந்து கூட்டிக்கொண்டு போனார். அவனுடைய மிருதங்க ஆசிரியர் பின்வரிசையில் தொடையில் தாளம் போட்டபடி இருந்ததையும் பார்த்தேன். ஆசிரியருக்கும் நன்றி, அன்றைய வகுப்பை விட்டுக் கொடுத்ததற்கு.

குளோடியா ஜோன்ஸ் பற்றிய படப் பலகையை இரவிரவாக ஒட்டிய இரண்டு உயர்தர மாணவிகளுக்கும் நன்றி. டிரினிடாட்டில் பிறந்து, அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு லண்டனுக்கு வந்த பத்திரிகையாளர் அவர். 1958இல் லண்டன் நொட்டிங் ஹில்லில் வெள்ளைக் கும்பல்கள் கரீபியன் மக்களைத் தாக்கிய பிறகு, 1959 ஜனவரியில் செயின்ட் பன்க்ராஸ் நகர மண்டபத்தில் கார்னிவல் என்ற கரீபியன் கொண்டாட்டத்தை நடத்தியவர். குளிர்காலத்தில், மண்டபத்துக்குள்! நொட்டிங் ஹில் தெருக்களுக்குக் கொண்டாட்டம் வந்தது 1966இல். அந்த முதல் நடையில் கழுத்தில் பான் மாட்டிக்கொண்டு போனவர்களில் ரசல் ஹெண்டர்சன் ஒருவர் என்றதும், ஐயா அந்தப் படத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. அறிவித்தல் போன அன்றே, "எங்கட பிள்ளைகளுக்கு இது எதுக்கு?" என்று இரண்டு மூன்று பேர் தொலைபேசியில் கேட்டார்கள். அதற்குப் பின்னால் தோல் நிறம் பற்றிய நம் வீட்டுப் பேச்சுகளும் இருந்தன என்பது கேட்டவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்மவரான அ. சிவானந்தன் 1958 இனக்கலவரத்துக்குப் பின் கொழும்பை விட்டு லண்டனுக்கு வந்தார். வந்து இறங்கிய இடத்தில் நொட்டிங் ஹில் கலவரம். பிறகு இனவுறவுகள் நிறுவனத்தின் இயக்குநராகி, ஆசியரும் ஆப்பிரிக்கரும் கரீபியரும் 'கறுப்பர்' என்ற ஒரே சொல்லின் கீழ் நின்று போராடலாம் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். தொலைபேசியில் எனக்கு இது நினைவுக்கு வரவில்லை, சும்மா "வந்து பாருங்கோ" என்றுதான் சொன்னேன். ஒருவர் வந்தார். கடைசிவரை இருந்து கதிரைகளையும் அடுக்கினார். அவருக்குத் தனி நன்றி.

சமையலறை மாமிமாருக்கு என்ன சொல்வது! றோல்ஸும் வடையும் நாம். ஆட்டுக்கறியும் பருப்பு வைத்த ரொட்டியும் அவர்கள். டிரினிடாட் ரொட்டிக்கு, 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியக் கூலிகளின் கைமணம் உண்டு. ரொட்டியைப் பிட்டதும் ஒரு மாமி, "இது எங்கட ஆக்கள் கைபோலக் கிடக்கு" என்றார். மிளகாயில் மட்டும் அவர்கள் நம்மை வென்றுவிட்டார்கள்.

ஒலிபெருக்கி தொடக்கத்திலேயே படுத்துவிட்டதால் ஓடித் திரிந்த அண்ணாவுக்கும் நன்றி. பான் முழங்கத் தொடங்கியபின் அது யாருக்கும் தேவைப்படவில்லை என்பதைக் கோபிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய அலுமினியச் சட்டி ஒன்று இன்னும் என் வீட்டில் நிற்கிறது. மூடியில் புதிதாக நாலைந்து பள்ளங்கள். பிள்ளைகள் சுருதி சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். யாருடையதோ, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். புது மூடி நான் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
மண்டபத் திறப்பு வைத்திருந்தவள்