நீரோடு கொட்டப்படும் நஞ்சு

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிப்பாயாக. களைக்கொல்லி குடித்தார் என்று உறவினர்கள் உறுதியாகச் சொல்லியும், ஆய்வறிக்கையில் ‘நஞ்சு கண்டறியப்படவில்லை’ என்று வருவது எப்படி எனக் கேட்டிருந்தாய். நஞ்சே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. தேடிய முறையில் அகப்படவில்லை என்பதே பொருள்.

பாராக்வாட் என்ற களைக்கொல்லியையே எடுத்துக்கொள். அது இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட உப்பு. அரைத்த உள்ளுறுப்பைக் கரிமக் கரைப்பானோடு குலுக்கும்போது பெரும்பாலான மருந்துகளும் பூச்சிக்கொல்லிகளும் கரைப்பானுக்கு வந்துவிட, இது மட்டும் நீரிலேயே தங்கிவிடுகிறது. நாமோ கரைப்பானை எடுத்துக்கொண்டு நீரைக் கொட்டிவிடுகிறோம். எளிதில் ஆவியாகாத பொருள் என்பதால், பொருள்களை ஆவியாக்கிப் பிரித்துக் காணும் வழக்கமான வாயு குரோமட்டோகிராபியிலும் நேரடியாகச் சிக்காது.

சிறுநீரைக் காரமாக்கி ஒரு சிட்டிகை சோடியம் டைதயோனைட் இட்டால் பாராக்வாட் நீலமாகவும் அதன் இனத்துக் களைக்கொல்லியான டைகுவாட் பச்சையாகவும் தெரியும் என்பது நீ அறிந்ததுதான். சென்ற மாதம் எங்கள் மாணவி ஒருத்தி நிறமே வரவில்லை என்று எழுதி வைத்திருந்தாள். சந்தேகப்பட்டு, பாராக்வாட்டை நானே கலந்த சிறுநீரில் அதே தூளைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் வெளிறிய மஞ்சளாகவே நின்றது. மூடி சரியாக இறுகாத புட்டியில் ஈரம் ஏறித் தூள் வீரியமிழந்திருந்தது. புதுப் புட்டியைப் பிரித்ததும் இரண்டு குழாய்களும் நீலமாயின. அவளைவிட என்னைத்தான் கடிந்துகொண்டேன்.

அளவைத் துல்லியமாகச் சொல்ல, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய பாராக்வாட்டை உள்தரமாக, அதாவது ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவில், சேர்த்து, பொருள்களைத் திரவத்தில் பிரித்து நிறையால் அடையாளம் காணும் திரவ குரோமட்டோகிராபி–நிறை நிறமாலைமானியில் பார்க்கிறோம். கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பொருள் இது. ஆகவே மாதிரியைப் பிளாஸ்டிக் குப்பியிலேயே அனுப்பு. இரத்தத்தில் அளவு விரைவில் இறங்கிவிட, நுரையீரல் அதை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரைப்பையும் கல்லீரலும் மட்டும் போதாது, நுரையீரலும் சிறுநீரகமும் வேண்டும். நோயாளி இரண்டு மூன்று வாரம் கழித்து இறந்தால் அவையும் கைவிடக்கூடும் என்பதால், சேர்த்த அன்றே எடுத்த சிறுநீரைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கச் சொல்.

கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியின் தொல்லை வேறு. புறஊதா ஒளியை அது போதிய அளவு உறிஞ்சாததால், வேதிப்பொருள் ஒன்றை இணைத்துத்தான் பெரும்பாலும் பார்க்க வேண்டியிருக்கிறது. கலவையில் உள்ள பரப்பு இழுவிசை குறைப்பானுக்கும் நச்சுத்தன்மை உண்டு. கிளைபோசேட்டின் அளவை மட்டும் வைத்து மரணக் காரணத்தை எழுத நான் தயங்குவேன்.

‘நஞ்சு பரிசோதனை’ என்று மொட்டையாக எழுதாமல், சந்தேகப்படும் களைக்கொல்லியின் பெயரை இனி மனுப்படிவத்தில் குறிப்பிடு. காலிப் புட்டி கிடைத்திருந்தால் அதையும் தனி உறையில் வைத்து அனுப்பு.

அன்புடன்,
சிவராமன்