தவணை நிறைவும் புட்சால் ஆட்டங்களும்: பெற்றோர்களுக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

இந்தத் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. கதை சொல்லும் போட்டியிலும் திடல்தடப் போட்டியிலும் நம் மாணவர்கள் சிறப்பாகப் பங்கேற்றனர். வாசிப்பு வாரம் இனிதே நடந்தது. சிற்றுண்டிச்சாலைக்குப் புதுச் சாயம் பூசியாயிற்று. மதிப்பீட்டு அறிக்கைகள் விடுமுறைக்கு முன் உங்கள் கைக்கு வந்துவிடும்.

அடுத்து, அணிக்கு 5 பேர் சிறிய களத்தில் ஆடும் புட்சால்.

பிள்ளைகளின் ஆட்டத்தைக் காண இத்தனை பெற்றோர்கள் திரண்டு வருவது எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் அண்மைய ஆட்டங்களில் கோட்டுக்கு வெளியிலிருந்து எழுந்த கட்டளைகளில் பெரும்பாலானவை காற்பந்துக்கு உரியவை. புட்சாலில் அவற்றைக் கேட்டு நடக்கும் பிள்ளை பந்தைப் பறிகொடுக்கிறது.

“கையால் எறி!” என்ற குரல் அடிக்கடி கேட்கிறது. பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் புட்சாலில் எறிவது கிடையாது. பந்தைக் கோட்டின் மேல் அசையாமல் வைத்துக் காலால் உதைக்க வேண்டும். எதிரணியினர் 5 மீட்டர் தள்ளி நிற்பார்கள். இதற்குக் கிடைப்பது 4 வினாடி. நடுவர் விரல்களை உயர்த்தி எண்ணுவார். அப்பா என்ன சொல்கிறார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் நேரம் தீர்ந்து, பந்து எதிரணிக்குப் போய்விடும். “நேரா கோலுக்கு அடி!” என்பதும் வீண்தான், பக்கக் கோட்டு உதை நேரே வலைக்குள் போனாலும் கோல் ஆகாது. எதிரணிக் கோல் அருகே முந்திப் போய் நிற்பதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதியும் இந்த ஆட்டத்தில் இல்லை. எதிரணிப் பிள்ளை நம் கோல் அருகே நிற்பது ஏமாற்று வேலை அல்ல. அவரை ஒட்டி ஆள் நிறுத்தாதது நம் பிழை.

அதிகச் சேதம் விளைவிப்பது “கோல் காவலரிடம் திருப்பிக் கொடு!” என்ற யோசனை. கோல் காவலர் களத்தில் தம் அணியின் பாதியில் பந்தை 4 வினாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அவர் கொடுத்த பந்தை, எதிரணியினர் எவரும் தொடாத நிலையில், நம் அணியினர் அவரிடமே திருப்பி அனுப்பி, அவரும் தம் பாதியிலேயே அதைத் தொட்டால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேரே கோல் அடிக்க முடியாத தண்டனை உதை). அதுவும் பெரும்பாலும் நம் கோலுக்கு மிக அருகிலேயே.

“தள்ளிவிடு, பரவாயில்லை!” என்றும் ஒருவர் கத்தினார். பரவாயில்லை என்று விட முடியாது. தள்ளுவது போன்ற, நேரடி ஃப்ரீ கிக்குக்குரிய (நேரே கோல் அடிக்கக்கூடிய தண்டனை உதை) தவறுகள் ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியிலும் அணியின் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். 5 வரை ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று தடுப்புச் சுவர் அமைக்கலாம். ஆறாவதிலிருந்து சுவர் இல்லை. உதைப்பவர் கோலிலிருந்து 10 மீட்டர் தள்ளியுள்ள புள்ளியில், எதிரே கோல் காவலர் மட்டும். இடைவேளைக்குப் பிறகே கணக்கு மறுபடி தொடங்கும்.

“என் பிள்ளையை ஏன் வெளியே எடுத்தீர்கள்?” என்று கேட்டவர்களுக்கு: தண்டனையாக அல்ல. களத்தில் 5 பேர்தான், ஓட்டம் ஓயாது. மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லாததால் வெளியே வந்தவர் மூச்சு வாங்கிவிட்டு மீண்டும் இறங்கலாம். மாற்று ஆட்டக்காரர் தம் அணி இருக்கைக்கு எதிரேயுள்ள 5 மீட்டர் பகுதி வழியாகத்தான் நுழைய வேண்டும், அதுவும் முன்னவர் முழுதாக வெளியேறிய பிறகு. முந்திக்கொண்டால் மஞ்சள் அட்டை. அந்த 5 மீட்டரில் நின்றுதான் சிலர் தண்ணீர்ப் புட்டியை நீட்டுகிறார்கள்.

1930-இல் உருகுவேயின் மொண்டேவிடேயோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி இந்த ஆட்டத்தை வகுத்தபோது கூடைப்பந்து, ஹேண்ட்பால், வாட்டர் போலோ விதிகளையும் கலந்தார். சின்னத் திடலில் ஆடும் காற்பந்து என்று நினைத்துப் பார்த்தால் பாதித் தீர்ப்புகள் அநியாயமாகவே தோன்றும்.

நடுவராக நிற்பவர் நம் ஆசிரியர். ஆட்டத்தின் நடுவே அவரிடம் வாதிடுவதையும் களத்துக்குள் இறங்குவதையும் இனி அனுமதிக்க மாட்டோம். மீறினால் ஆட்டம் அங்கேயே நிறுத்தப்படும். சம்பந்தப்பட்டவர் பள்ளி வளாகத்துக்கு வெளியேதான் காத்திருக்க வேண்டும். யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

அக்கறையால்தான் குரல் உயர்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். தாராளமாகக் கைதட்டுங்கள், பெயர் சொல்லி உற்சாகமூட்டுங்கள். பந்தை எங்கே அனுப்புவது என்பதைப் பயிற்றுநரிடம் விட்டுவிடுங்கள்.

ஆட்டத்துக்கு வரும் பிள்ளைக்குத் தட்டையான ரப்பர் அடியுள்ள காலணி தேவை. ஆணி வைத்த காற்பந்துக் காலணி இந்தத் தளத்தில் வழுக்கும், கணுக்கால் பிசகும். காலுறைக்குள் கணைக்கால் காப்பு கட்டாயம். நோட்டு அட்டையைச் செருகி அனுப்ப வேண்டாம். தோடு, சங்கிலி, காப்பு எதுவும் கூடாது. டேப் ஒட்டி மறைப்பதும் விதிப்படி செல்லாது. வீட்டில் பழகப் பந்து வாங்குவோர் 4-ஆம் எண் புட்சால் பந்தைக் கேட்டு வாங்குங்கள். எடை 400 முதல் 440 கிராம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பாது. காற்பந்துக்குரிய 5-ஆம் எண் பந்தில் பழகியவருக்கு இந்தப் பந்து காலுக்கு அடங்கச் சில நாள் பிடிக்கும்.

பிள்ளைகளை ஏற்றி இறக்க வாகனம் தந்தவர்களுக்கும், பழமும் தண்ணீரும் ஏற்பாடு செய்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும், ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கடைசிவரை நின்று பார்த்தவர்களுக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி. விடுமுறைக்குப் பின் முதல் வாரமே பயிற்சி தொடங்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்